நீதான் அம்மா

“நெஜமா வெளையாட வர்றியாப்பா?”

வர்ஷினி வாயைப் பிளந்தாள். அவளுடைய நாலு வயதில் அப்பா தரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. தி. நகர் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி புடவை விரித்துப் போடுகிறவன் தனபாலன். மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தால் கேபிள் டி.வி. முன்னால் கட்டையைச் சாய்ப்பான், அவ்வளவுதான்.

இன்றைக்கு மட்டும் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டதாக்கும்! எல்லாம் எதிர்வீட்டுச் சூடாமணி காலையில் பற்றவைத்த நெருப்பு.

“பத்து நாளா மத்தியானம் ஆனா உங்க வீடு பூட்டிக் கெடக்குது தம்பி. உன் பொண்டாட்டி கொழந்தையத் தூக்கிக்கினு எங்கியோ போய்க்கினு கீது. நமக்கு எதுக்குப்பா ஊர் வம்பு?”

வசந்தியைக் கேட்டான். “நான் எங்க போவப்போறேன்? வீட்லதான் கீறேன்” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

பொய்! ஆறு வருஷத்தில் அவளிடம் அவன் பிடித்த முதல் பொய். தப்பு ஏதாவது இருந்தால் இன்றைக்கே அவளை ஆதம்பாக்கத்தில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவது என்று முடிவு கட்டினான். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவள் குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் போகும்வரை காத்திருந்து, மகளை விளையாடக் கூப்பிட்டான்.

“மத்தியானம் அம்மாவும் நீயும் வெளிய போவீங்களே, அத வெளையாடலாமா?”

“ஐ! அப்ப நீதான் அம்மா. நான் அங்கிள்.”

“எந்த அங்கிள்?” அவன் குரல் தடித்தது.

“அங்க ஒரு அங்கிள் கீறாரு. ‘வாம்மா வசந்தி’ன்னு கூப்புடுவாரு. என்னை வெளிய பெஞ்சில குந்தவெச்சிட்டு, அம்மாவ மட்டும் ரூமுக்குள்ள இட்டுக்கினு பூடுவாரு.”

சூடாமணி சொன்னபோதுகூட, ‘சீச்சீ, என் வசந்தியா?’ என்று மனசு ஒரு மூலையில் முனகிக்கொண்டுதான் இருந்தது. இப்போது அதுவும் வாயடைத்துப்போயிற்று.

“ரூமுக்குள்ள?”

“நீ படுத்துக்கணும். படுப்பா! அசையக் கூடாது.”

பல்லைக் கடித்துக்கொண்டு பாயில் படுத்தான். வர்ஷினி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

“நீ ஏன்டி வெளிய போற? அங்கிள் உள்ளதான இருப்பாரு?”

“ஐய, இல்லப்பா! அங்கிளும் வெளிய வந்துடுவாரு. கரன்ட் வெக்கிறப்ப உள்ள யாருமே இருக்கக் கூடாது. அம்மா மட்டும்தான். வயித்துல கீற கட்டி கரையணும்ல?”

தனபாலன் அசையவில்லை. அவனால் அசைய முடியவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குழந்தையின் குரல் தொடர்ந்தது.

“இப்ப அங்கிள், ‘இன்னிக்கும் வீட்டுக்காரர இட்டுக்கினு வரலியா’ன்னு திட்டுவாரு. நீ, ‘நான் இருக்கிற வரைக்கும் அவருக்குத் தெரிய வாணாம் சார், தாங்க மாட்டாரு’ன்னு சொல்லணும். சொல்லுப்பா!”