வழக்குப் போட்ட தாய்

இத்தாலியின் பலெர்மோ நகரத்து ஞாயிற்றுக்கிழமை வெயில் சமையலறைக்குள் வந்து கிடக்கிறது. புஸ்பவதி இறாலின் கோதை உரித்துக்கொண்டிருக்கிறாள். விசா அலுவல் பார்க்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூரா, தூதரகம் என்று அலைந்து அவள் போன வருசம்தான் வன்னியிலிருந்து தன்னிடம் எடுப்பித்த மகள் நிலக்சி, நாளை வகுப்பில் பேசவேண்டியதைத் தமிழில் சொல்லிக்காட்டுகிறாள். "நியூயோர்க்கில, அடிமையளுக்கு இனிப் பிறக்கிற பிள்ளையள் வளந்தாப்பிறகு விடுதலை எண்டு சட்டம் வந்தது. அவை வளர முந்தியே முதலாளிமார் அந்தப் பிள்ளையளைக் களவாத் தெற்கு மாநிலங்களுக்குக் கொண்டுபோய் வித்தவை." இறாலோடு கை அப்படியே நிற்கிறது. "தாய்மார் சும்மா இருந்தவையே?" "இல்லையம்மா. ஒரு தாய் வழக்குப் போட்டுத் தன்ரை மகனைத் திருப்பி எடுத்தவா." புஸ்பவதியின் முகம் மலர்கிறது. "அப்ப அதிலயிருந்து தொடங்கு, பிள்ளை." நிலக்சி தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறாள். "ஒரு தாய் இருந்தவா..."