இரண்டாவது நிமிடம்

“நீ மீனை அடுப்பில வைச்சிட்டு வா. நான் முன்னுக்குப் போய் இடம் பிடிச்சு வைக்கிறன்” என்று சொல்லிவிட்டு ஒஸ்வால்ட் கோயிலுக்குப் போனார்.

பேலியகொடைச் சந்தையில் முதல் நாள் வாங்கிய பாரை. உயிர்த்த ஞாயிறு என்பதால் பெரிதாகவே வாங்கியிருந்தார்.

நான் தூள் கரைத்துக்கொண்டு நின்றபோது யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மணி எட்டே முக்கால்.

கோயிலில் அந்தக் குண்டு வெடித்து ஏழு வருடம். ஒவ்வொரு ஏப்ரல் இருபத்தோராம் திகதியும் அதே எட்டே முக்காலுக்குக் கோயில் மணி அடிக்கும். இரண்டு நிமிடம் எல்லோரும் பேசாமல் நிற்போம்.

நானும் சாமினியும் ஒன்றாகத்தான் நிற்பது, கோயிலுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில். அவள் சிங்களப் பெண், ஹெந்தளையிலிருந்து வருவாள். அவளுடைய கணவரும் என் ஒஸ்வால்டைப்போல அன்று அந்தப் பூசையில் இருந்தவர். பிரேத அறைக்கு வெளியே, அடையாளம் காட்ட நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்றாள். அன்றிலிருந்து என்னை அக்கே என்பாள். நான் அவளை நங்கி என்பேன், தங்கச்சி என்பதுபோல.

இந்த வருடமும் ஒலிபெருக்கியில் ஒருவர் மூன்று மொழியிலும் சொன்னார்: இன்றைக்கு இந்த நாட்டில் எல்லோரும் ஒன்று.

மணி அடித்தது. பஸ் நின்றது. முச்சக்கர வண்டிக்காரர் என்ஜினை நிறுத்தினார். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

முதல் நிமிடம் ஒஸ்வால்டுக்கு.

இரண்டாவது நிமிடத்தை நான் வருடாவருடம் களவெடுக்கிறேன். அது என் தம்பி ரொனிக்கு.

நான் மன்னாரிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தம்பி அம்மாவோடு அங்கேயே இருந்தான். சண்டை நெருங்க நெருங்க இடம்பெயர்ந்து வன்னிக்குள் போனார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் பிடித்துக்கொண்டு போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. நாலு மாதம் துவக்குத் தூக்கினான். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், முள்ளிவாய்க்காலில், இல்லாமல் போனான்.

ஒஸ்வால்டின் படம் கோயிலில் இருக்கிறது. பெரிய ஆட்கள் வந்து பூ வைக்கிறார்கள். ரொனியின் படம் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில். அவன் பெயரை நான் கொழும்பில் யாரிடமும் சொன்னதில்லை. சாமினியிடம்கூட. செத்தவர்களைப் பற்றி மனம்விட்டுக் கதைக்க எனக்கு மிஞ்சியிருப்பவள் அவள்தான். அவளையும் இழக்கப் பயம்.

மறுபடி மணி. கொண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவத் தொடங்கினார்.

“வருசத்துக்கு இந்த ரெண்டு நிமிசம்தான் அந்தக் கொண்டக்டர் வாய் மூடுறது, அக்கே” என்றாள் சாமினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பிறகு, பாவசங்கீர்த்தனம் செய்கிறவள்போலக் குரலைத் தாழ்த்தி, சிங்களத்தில் சொன்னாள். இரண்டு நிமிடத்தையும் அவள் முழுதாகக் கணவருக்கே கொடுப்பதில்லையாம். பாதியைத் தன் மல்லிக்கு, தம்பிக்கு, எடுத்து வைக்கிறாளாம். அவன் ஆமியில் இருந்தவன். இரண்டாயிரத்து ஒன்பது மே பதினாலு, முள்ளிவாய்க்கால் பக்கம். பெட்டியைத் திறந்து பார்க்க விடவில்லை.

செத்த ஆமிக்காரரை நினைக்கவென்று வேறு நாள் இருக்கிறதே என்றேன். அந்த நாளில் பாண்ட் வாத்தியமும் பேச்சும்தான், சும்மா நிற்க விடமாட்டார்கள் என்றாள்.

ஏழு வருடமாக இதை என்னிடம் சொல்லப் பயந்தாளாம். தமிழ் அக்காவிடம் எப்படிச் சொல்வது?

எனக்கும் ஒரு மல்லி இருந்தான், அதே மாதம், அதே இடம் என்று என் வாய் சொல்லிவிட்டது.

“அக்கேட மல்லியும் ஆமியா?”

அவள் வஞ்சகமில்லாமல்தான் கேட்டாள். ஓம் என்றிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

“இல்லை, நங்கி. மற்றப் பக்கம்.”

அவள் தெருவைப் பார்த்தாள். பிறகு, எத்தனையாம் திகதி என்று கேட்டாள்.

ரொனிக்கு மரணச் சான்றிதழ் இல்லை. எந்தத் திகதியையும் சொல்லலாம். மே பத்து என்றோ பன்னிரண்டு என்றோ சொல்லியிருந்தால், சாமினியின் தம்பி விழுவதற்கு முன்னமே இவன் போய்விட்டான் என்று ஆகியிருக்கும். இரண்டு பேருக்கும் நிம்மதி.

ஆனால், அவனோடு கடைசிவரை நின்ற ஒருவன் தப்பி வந்து அம்மாவிடம் சொன்ன திகதி எனக்குத் தெரியும்.

“பதினைஞ்சு” என்றேன்.

பதினாலாம் திகதி ரொனி உயிரோடு இருந்தான். கையில் துவக்கு இருந்தது. அவள் மனதுக்குள் அதைக் கூட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது.

“பேர் என்ன, அக்கே?”

சொன்னேன். கொட்டாஞ்சேனையில், தெருவில், பகல் வெளிச்சத்தில், பதினேழு வருடத்தில் முதல் தடவையாக.

“ரொனி மல்லி” என்றாள் சாமினி. மெதுவாக, ஒரே ஒரு தடவை.

முன்பின் தெரியாத பையன்களையும் சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது தெரியும்.

ஒன்றாகவே பஸ்ஸுக்கு நடந்தோம். அவள் தம்பிக்குப் பதினாலாம் திகதி, என் தம்பிக்குப் பதினைந்தாம் திகதி. அதில் ஒரு மாற்றமும் இல்லை.