லாபம்

நெட்டுக்குப்பம் நீலாவுக்கு நுரையீரலில் புற்று. போன முறை அவள் ரத்தத்தில் பதினேழு புற்றுநோய் செல்கள் மிதந்தன. மருந்து கேட்கிறதா என்பது இந்த முறை எத்தனை என்பதில்தான் தெரியும்.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா," என்றாள் நுண்ணோக்கியில் எண்ணிய பரிசோதனைக்கூடத்து நர்மதா. பிறகு தயங்கினாள். "எண்ணும்போது பின்னாடி ஒரு ஆம்பளக் குரல் 'லாபம்'னுச்சு. திரும்பினா யாருமில்ல."

நீலா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர்கள் கரையில் மீன் எண்ணும்போது ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அப்படி எண்ணிக்கொண்டிருந்த அவள் புருஷன் தாமோதரன் சுனாமியோடு போனவன்.

"எங்க வூட்டு ஆளுதான் கண்ணு. மவராசன், ரெண்டுன்னு சொல்லாம நிறுத்திகினாரு," என்றாள். "அடுத்த தபா வாயே தொறக்கக்கூடாதுன்னு சொல்லி வை."