கையில் முத்தம்

"இந்தப் படத்தோட பத்திரிகை அடிக்க வேணாம்," என்றாள் மலிகா.

மகள் சுஹா இதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சுக் காதல் அஞ்சலட்டை ஒன்றைப் பார்த்து, தன் நிக்காஹ் பத்திரிகைக்காக அவளே வரைந்த படம் அது. தொண்டிக் கடற்கரையில், படகோரம், மணமகளின் கையில் மணமகன் முத்தமிடுகிறான்.

"அந்தக் காலத்துலயே இதைத் தபால்ல அனுப்பியிருக்காங்க உம்மா. இதுல என்ன வெக்கம்?"

மலிகா படத்தை அவளிடமே திருப்பி நீட்டினாள். சுஹா மனமில்லாமல் படத்திலிருந்த இருவரையும் தள்ளி நிற்கவைத்து மறுபடி வரைந்து காட்டினாள்.

"ஏன் புள்ள கையைப் பிரிச்சே? அது நல்லாத்தானே இருந்துச்சு."

"பின்னே எதைத்தான் வேணாங்கிறீங்க?"

மலிகா மணமகனின் காலைத் தொட்டுக் காட்டினாள். ஒரு கால் மணலில் இருந்தது. மறு கால் படகில் ஏறியிருந்தது.

"உன் வாப்பா சவூதியில இருந்த காலம் பூரா என்கூட இப்படித்தான் நின்னாரு. லீவுல வந்து இறங்குறப்பவே திரும்பிப் போற டிக்கெட்டும் பையில இருக்கும். உன் மாப்பிள்ளையையாவது ரெண்டு காலும் கரையில இருக்குற மாதிரி வரை."

சுஹா படகை அழித்தாள். பிறகு மாப்பிள்ளை நுஃமானுக்குப் போன் போட்டு, "துபாய் விசா விஷயமா உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்," என்றாள்.