தபால் பை கட்டியாச்சு

“பையைத் திறம்மா!” ஓய்வுபெற்ற தபால்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

கண்காட்சிக் கூடத்திலிருந்து வெளியே வந்த அம்மாள் துணிப்பையைத் தலைகீழாக உதறிக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் அவளுடைய விரல்நுனிகள் வெள்ளையாக இருந்தன; துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

“சுவத்துச் சுண்ணாம்பு! எந்தப் படத்தைப் பிடுங்கினே? ஜன்னல் வழியா யார்கிட்ட குடுத்தே?”

“ஐயா, சத்தியமா நான் எதையும் எடுக்கலைங்க.”

மணி ஒன்பது நாற்பது. பத்து மணிக்கு ஊர் வரலாற்றுக் கண்காட்சி திறப்பு. மூன்று வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கெஞ்சி வாங்கிய பழைய புகைப்படங்கள் நாற்பத்தெட்டும், சட்டம் போட்டு, உள்ளே ஆணியில் தொங்கின.

ஒவ்வொரு படத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். ஒன்று தொலைந்தாலும் இந்த ஊரில் இனி ஒரு கதவும் அவருக்குத் திறக்காது. அந்த நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் இதோ, தெருமுனையில் வந்துகொண்டிருந்தார்கள்.

“எல்லாத்தையும் எண்ணு, சீக்கிரம்!” உள்ளே இருந்த மனைவியிடம் கத்தினார்.

“காலையில இருந்து மூணு தடவை எண்ணியாச்சு. பெத்த பிள்ளைங்களைக்கூட நீங்க இப்படி எண்ணினதில்லை.” மனைவி நொடித்தாள். “கெடு தாண்டி வந்த படத்தையெல்லாம் ‘தபால் பை கட்டியாச்சு, போங்க’ன்னு நிமிர்ந்துகூடப் பார்க்காம விரட்டத் தெரிஞ்சுது. வாங்கினதைக் காபந்து பண்ணத் தெரியலையா?”

“வாயை மூடிட்டு எண்ணுடி!”

“எண்ண வேணாங்கய்யா!” அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க கால்ல வேணா விழறேன். இப்ப அப்படியே விட்டுடுங்க. ஜனங்க வந்து பார்த்துட்டுப் போனதும் எண்ணிக்கோங்க.”

“அதுக்கப்புறம் எதை எண்ண? என் மானத்தையா?” கையை உதறினார். “உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு. அவர்கிட்டயே பேசிக்கறேன்.”

“அவர் இல்லைங்க. மணிக்கூண்டு கட்டுற வேலையில விழுந்து செத்துப் போயிட்டாரு.”

அது அவர் காதில் ஏறவில்லை. காது முழுக்க உள்ளே இருந்தது.

“நாப்பத்தஞ்சு... நாப்பத்தாறு...”

அந்த அம்மாள் சுவரோடு சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். அவருக்கு நெற்றி வியர்வை மூக்கில் வந்து சொட்டியது.

“நாப்பத்தேழு... நாப்பத்தெட்டு! எல்லாம் இருக்குங்க.”

அவர் விட்ட மூச்சில் கதவுத் திரை ஆடியது. அந்த அம்மாள் மட்டும் கண்களைத் திறக்கவில்லை.

“என்னங்க, இருங்க,” மனைவியின் குரல் தயங்கியது. “மணிக்கூண்டுத் திறப்புவிழாப் படத்துக்குக் கீழே, சட்டமில்லாம இன்னொண்ணு இருக்கு. சாரத்து மேல கொத்துக்கரண்டியோட ஒரு ஆளு சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு... பசைகூட இன்னும் காயலைங்க.”