நிற்காத வண்டிக்கு ஆரத்தி

திருத்தணிக்குப் பக்கத்தில், எப்போதோ மூடிவிட்ட கிராமத்து ஸ்டேஷன். அதன் பிளாட்பாரத்தில் சுலோச்சனா பட்டுப்புடவை கட்டி, ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"இங்க எந்த வண்டியும் நிக்காதும்மே. ஊருக்கே தெரியும்" என்றார் அவள் கணவர் கஜபதி.

"ஆங், ஏன் நிக்காதுன்னும் ஊருக்குத் தெரியும். டிக்கெட் எடுக்காமலே போய் வந்துகினு இருந்து, ஸ்டேஷனையே மூட வெச்ச மகராசனுங்கள்ல நீங்களும் ஒருத்தர்தானே?"

கஜபதி பேச்சை மாற்றினார்.

"கயல்விழி வீட்டுக்கு வந்தப்புறம் ஆரத்தி எடுத்தா ஆகாதா? ஓடுற வண்டியில இருந்து எறங்குவாளா?"

"எறங்க வாணாம். நம்ம பொண்ணு மொதமொதல்ல இந்தப் பக்கம் வர்றா. கண்ணால பாத்து திருஷ்டி கழிக்கணும், அவ்ளோதான்."

தூரத்தில் வண்டி தெரிந்தது. சுலோச்சனா கற்பூரம் ஏற்றினாள். கஜபதி கேலியை மறந்து, காற்று படாமல் இரண்டு கைகளாலும் அதை மறைத்துப் பிடித்தார்.

எஞ்சின் ஜன்னலில் சீருடையோடு தெரிந்தாள், முதல் முறையாக இந்த வழியில் வண்டியை ஓட்டி வந்த கயல்விழி. அவர்களைக் கடக்கும்போது இரண்டு முறை ஹாரன் அடித்தாள். வண்டி போன வேகத்தில் கற்பூரம் அணைந்தது.

"மொத ஹாரன் எனக்கு" என்றாள் சுலோச்சனா, கண்ணைத் துடைத்தபடி.

"அப்போ ரெண்டாவது?"

"டிக்கெட் எடுக்காத அவ நைனாவுக்கு."