எதிர்க்கூவல்

கர்ட்டிஸ் கூவி முடித்ததும் மலைச்சரிவு ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டது போலிருந்தது. பிறகு மேலே, ஆஸ்பென் மரங்களுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. அடித்தொண்டையில் ஓர் உறுமல், அது விசிலாக உச்சிக்கு ஏறி, கடைசியில் நான்கைந்து முக்கல்.

"கேட்டியா? கொம்பன்!" கர்ட்டிஸ் வில்லை இறுக்கிப் பிடித்தான்.

"கேட்டேன், கேட்டேன்," என்றாள் பின்னால் புதருக்குள் உட்கார்ந்திருந்த அவன் மனைவி நோரீன். "உன் கூவலுக்கும் ஒரு ஜீவன் பதில் சொல்லுதே! பாவம், அதுக்குக் காது கொஞ்சம் மந்தமோ என்னவோ."

செப்டம்பர் பிறந்துவிட்டால் ஐடஹோ மலைகளில் எல்க் மான்களுக்கு ஜோடி தேடும் பைத்தியம் பிடித்துவிடும். கொம்பன் என்கிற ஆண் மான் ஒன்று கூவினால், 'எவன்டா அவன் என் எல்லையில்?' என்று இன்னொரு கொம்பன் சண்டைக்கு வரும். அதைப் போலவே குழாயில் கூவி, அம்பு எட்டும் தூரத்துக்கு அதை இழுத்துவிட வேண்டும். சொல்லச் சுலபம்.

வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்யும் கர்ட்டிஸுக்கு, நாற்பது வயதுக்கு மேல் இதுதான் முதல் வேட்டை. கூவக் கற்றுக்கொண்டது போனில் வீடியோ பார்த்து. குளியலறையில் அவன் சாதகம் செய்ததைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, 'யாருக்காவது உடம்பு முடியலையா?' என்று விசாரித்துவிட்டுப் போனார். நேற்று அவன் கூவலைக் கேட்ட மான்களெல்லாம் அடுத்த மலைக்கே குடிபோய்விட்டன.

"பேசாம உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்தப் பக்கத்துல அவரை மாதிரி கூவ ஆள் ஏது?"

"அந்தப் பேச்சை எடுக்காதே."

இறந்துபோன அப்பாவின் குதிரையை அண்ணன் ஆர்லோ ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டான். அதிலிருந்து மூன்று வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. மளிகைக் கடையில் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவன் ரொட்டியை ஆராய்வான், மற்றவன் கூரையை ஆராய்வான்.

கர்ட்டிஸ் மறுபடியும் கூவினான். பாதியில் குரல் உடைந்து, வாசற்கதவு கிறீச்சிட்டது போல முடிந்தது. அதற்கும் பதில் வந்தது. இந்த முறை இன்னும் கிட்டத்தில்.

"இறங்கி வருது!"

"அதான் எனக்கும் புரியல," என்றாள் நோரீன். "கொம்பன்னா சுத்தி வளைச்சு, மோப்பம் பிடிச்சுத்தான் வரும்னு வீடியோல சொன்னாங்களே. இது கல்யாணத்துக்கு வர்ற தாய்மாமன் மாதிரி நேரா வருதே?"

"அதுக்கு என் மேல அவ்வளவு கோபம்."

"உன் பாட்டைக் கேட்டா யாருக்குத்தான் வராது?"

ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. இவன் கூவ, அது கூவ, இவன் இரண்டடி ஏற, அது பத்தடி இறங்க. கடைசியில் எதிரே இருந்த புதருக்குள் சுள்ளி முறிந்தது.

கர்ட்டிஸ் நாணை இழுத்துக் கன்னத்தோடு ஒட்டினான். கொம்பு கண்ணில் படாமல் அம்பை விடுவதில்லை என்று நோரீனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். புதர் அசைந்தது. இலைகள் விலகின.

கொம்பு வரவில்லை. உயர்த்திய இரண்டு கைகள்தான் வந்தன.

"எய்துடாதேப்பா! இது வெறும் எலும்பு, கறி தேறாது!"

ஆர்லோ! வில் முதுகில் தொங்க, ஒரு கையில் கூவல் குழாயோடு, உடம்பெல்லாம் முள்ளும் சருகுமாக நின்றிருந்தான்.

கர்ட்டிஸ் மெல்ல நாணைத் தளர்த்தினான். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ரொட்டியும் இல்லை, கூரையும் இல்லை.

முதலில் வெடித்துச் சிரித்தவள் நோரீன்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு மணி நேரமா... ரெண்டு பேரும்... மாறி மாறி..." கண்ணைத் துடைத்துக்கொண்டே பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றி ஆர்லோவிடம் நீட்டினாள்.

கர்ட்டிஸ் தன் பூட்ஸைப் பார்த்தபடி முனகினான். "நிஜக் கொம்பன்னே நினைச்சுட்டேன்."

"அவ்வளவு நல்லாவா கூவினேன்?"

"ரொம்ப அலட்டிக்காதே. நீயும்தானே ஏமாந்தே. ரெண்டு பேரும் முட்டாள், கணக்கு சரியாப் போச்சு."

ஆர்லோ காப்பியை ஊதினான். "நான் எங்கேடா ஏமாந்தேன்? உன் முதல் கூவல்லயே ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு. சின்ன வயசுல பல்லு பிடுங்கினப்போ இதே சுதியிலதான் கத்தினே."

நோரீனின் சிரிப்பு நின்றது. "தெரிஞ்சுமா, ஆர்லோ, இவ்வளவு தூரம் முள்ளுக்குள்ள இறங்கி வந்தீங்க?"

ஆர்லோ தம்பியைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மூணு வருஷம் கழிச்சுக் கூப்பிடுறான், வராம இருப்பேனா?"